பழைய ரோல்பிளேயிங் புத்தகத்தின் மறுபதிப்பு அசலோடு ஒத்துப்போகிறதா? சரிபார்க்கும் முறை

ரோல்பிளேயிங் என்பது கதாபாத்திரங்களாக மாறி, பகடை உருட்டி மேசையில் ஆடும் ஆட்டம்; அதன் விதிகளும் சாகசங்களும் புத்தகங்களாக வரும். மறுபதிப்பைச் சோதிக்கும்போது முதலில் கேட்க வேண்டியது, எந்த அச்சோடு ஒத்துப்போக வேண்டும் என்பதைத்தான். பழைய புத்தகங்களில் அசல் என்பது பெரும்பாலும் ஒன்றல்ல. டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தையே எடுத்துக்கொள்வோம். அதன் தெய்வங்களைப் பற்றி 1980-ல் வந்த டெய்ட்டீஸ் அண்ட் டெமிகாட்ஸ் ஆரம்ப அச்சுகளில் 144 பக்கம். வேறு எழுத்தாளர்களின் கதைகளிலிருந்து வந்த க்தூலு, மெல்னிபோனே பகுதிகளை நீக்கிய பிறகு 128. ஆட்டத்தை நடத்துபவருக்கான 1979-ன் டஞ்சன் மாஸ்டர்ஸ் கைட் அதே ஆண்டு டிசம்பரிலேயே திருத்தப்பட்டது. 1974-ன் முதல் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விதிப்பெட்டியில் இருந்த, டோல்கீன் கதைகளின் ஹாபிட்டும் பால்ரோக்கும் பிந்தைய அச்சுகளில் இல்லை. 1981-ன் பேலஸ் ஆஃப் தி சில்வர் பிரின்சஸ் என்ற சாகசப் புத்தகம் இன்னும் மோசம். ஜீன் வெல்ஸ் எழுதிய ஆரஞ்சு அட்டைப் பதிப்பு திரும்பப் பெறப்பட்டு, டாம் மோல்ட்வே மாற்றி எழுதிய பச்சை அட்டைப் பதிப்பு வந்தது. பெயர் ஒன்று, சாகசம் வேறு. ஆகவே மறுபதிப்பின் காப்புரிமைப் பக்கத்தில் உள்ள ஆண்டு, அச்சு விவரம், மொத்தப் பக்கங்கள், எழுத்தாளர் பெயர்கள் ஆகிய நான்கையும் முதலில் குறித்துக்கொள்ளுங்கள். இதில் ஒன்று இடித்தாலும், நீங்கள் ஒப்பிடுவது வேறொரு அச்சோடு இருக்கலாம்.

அடுத்து, உள்ளே இருப்பது பழைய பக்கங்களின் ஸ்கேனா, புதிதாக அச்சுக் கோத்ததா என்று பார்க்க வேண்டும். பிடிஎஃப் என்றால் 400 சதவீதத்துக்குப் பெரிதாக்குங்கள். எழுத்தின் ஓரம் பிசிறடித்தால் ஸ்கேன். கூர்மையாக இருந்தால் அநேகமாகப் புதுக் கோப்பு. அநேகமாக என்று சொல்லக் காரணம், சில மென்பொருள்கள் ஸ்கேன் எழுத்துகளையே கூராக்கி மாற்றிவிடும். அப்படிச் செய்யும்போது ஒரே மாதிரி தெரியும் வடிவங்களை ஒன்றுக்கு மற்றொன்றாகப் போட்டுவிடுவதும் உண்டு. 2013-ல் சில ஜெராக்ஸ் இயந்திரங்கள் ஸ்கேனில் 6-ஐ 8 ஆக மாற்றியது இந்த வகைச் சிக்கல்தான். பார்வைக்குப் பக்கம் சுத்தமாகத்தான் இருக்கும், எண் மட்டும் தப்பு.

எனவே நேரத்தை எண்களில் செலவிடுங்கள். வாக்கியம் வாக்கியமாக ஒப்பிடுவது பெரும்பாலும் வீண் வேலை. ஒரு பெயரடை விடுபட்டால் ஆட்டத்துக்கு ஒன்றும் ஆகாது, சேவிங் த்ரோ (ஆபத்திலிருந்து தப்ப உருட்டும் பகடை) அட்டவணையில் ஒரு வரிசை தள்ளிப்போனால் கதாபாத்திரம் செத்துப்போகும். தாக்குதல் அட்டவணை, சேவிங் த்ரோ, புதையல், அலையும் அசுரர்கள், விலைப்பட்டியல், அசுரர்களின் புள்ளிவிவரம் ஆகியவற்றைப் பாருங்கள். ஒருவர் அசலைச் சத்தமாகப் படிக்க, மற்றவர் மறுபதிப்பில் விரல் வைத்துச் சரிபார்ப்பதுதான் வேகமான வழி. படத்தில் உள்ள எழுத்தை உரையாக மாற்றும் ஓசிஆர் வழியாக வந்த உரையில் இவை அடிக்கடி சிக்கும்: 1டி6 (ஆறுமுகப் பகடை ஒன்று) என்பதில் உள்ள 1 ஆங்கில எல் எழுத்தாகிவிடும், கழித்தல் குறி காணாமல் போகும், அரை என்ற பின்னம் மறையும், ஹிட் டைஸ் (அசுரரின் உயிர்வலிமைக்கான பகடை) 1+1 என்பது 1-1 ஆகிவிடும். கடைசியில் சொன்னது கொடுமை, இரண்டுமே நம்பும்படி இருப்பதால் கண்ணில் படாது.

சதவீத அட்டவணைகளைச் சோதிக்க அசல் புத்தகமே வேண்டாம். 01-ல் தொடங்கி 00 (அதாவது 100) வரை இடைவெளியோ ஒன்றன்மேல் ஒன்று ஏறுவதோ இல்லாமல் போகிறதா என்று பாருங்கள். 01–12-க்குப் பின் 14 வந்தால் 13 எங்கே? ஆனால் உடனே மறுபதிப்பின் மேல் பழி போடாதீர்கள். அசலிலேயே அப்படி இருந்திருக்கலாம்; வெளியான பிழைதிருத்தப் பட்டியலையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

வரைபடங்கள் தனிக் கதை. பழைய மாட்யூல்களில் (தனிச் சாகசப் புத்தகங்களில்) வரைபடம் கழன்று வரும் அட்டையின் உள்பக்கத்தில், நீல நிறத்தில் இருக்கும். வாங்குபவர் கேட்கும்போது அச்சிட்டுத் தரும் பதிப்புகளில் அது உள் பக்கங்களுக்குப் போய்விடும். இரண்டு பக்கமாகப் பிரிந்தால் தையலுக்குள் ஓர் அறையே விழுங்கப்படலாம். முதலில் நடுமடிப்பை விரித்துப் பாருங்கள். நீங்களே அச்சிடுகிறீர்கள் என்றால் 'பக்கத்துக்குப் பொருத்து' என்பதை அணைத்து 100 சதவீதத்தில் அச்சிடுங்கள். அமெரிக்க லெட்டர் தாள் 216 மி.மீ. அகலம், ஏ4 வெறும் 210. பொருத்தினால் சுமார் 97 சதவீதமாகச் சுருங்கும். கால் அங்குலக் கட்டங்கள் 20 சேர்ந்தால் 127 மி.மீ. வர வேண்டும். 123 வந்தால் சுருங்கிவிட்டது. கட்டங்களை எண்ணி ஆடுகிறவர்களுக்கு இது பொருட்டில்லை, அளவுகோல் வைத்துப் படியெடுக்கிறவர்களுக்குத்தான் தொல்லை.

அட்டைப் படம் மாறியதைப் பெரிதுபடுத்த வேண்டாம். 2012-ல் வந்த அட்வான்ஸ்டு டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் மறுபதிப்புகளுக்கும் புது அட்டைதான்.

2019-ன் ஓல்ட்-ஸ்கூல் எசென்ஷியல்ஸ் போன்றவற்றை இந்தத் தராசில் வைப்பதே தவறு. அது 1981-ன் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் பேசிக், எக்ஸ்பர்ட் விதிகளைப் புதிய சொற்களில், புதிய வரிசையில் தருகிறது. மேசையில் ஆட அது அசலை விட வசதி. 1981-ல் என்ன எழுதியிருந்தது என்று தெரிய அது உதவாது. குட்மன் கேம்ஸின் இன்டு தி பார்டர்லேண்ட்ஸ் பழைய சாகசங்களின் பக்கங்களையும் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸின் ஐந்தாம் பதிப்புக்கான மாற்றத்தையும் ஒரே புத்தகத்தில் தருகிறது. ஒப்பிடும்போது எந்தப் பகுதியில் இருக்கிறீர்கள் என்று பக்கத்துக்குப் பக்கம் கவனியுங்கள்.

கண்ட வேறுபாடுகளைப் பக்க எண்ணோடு ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் அச்சுப்பிழை, பிழைதிருத்தம், வேண்டுமென்றே செய்த மாற்றம் என மூன்றில் ஒன்றைக் குறியுங்கள். அச்சுப்பிழைகளை மட்டும் பென்சிலால் புத்தகத்திலேயே திருத்துங்கள். மற்ற இரண்டிலும் எதைப் பின்பற்றுவது என்பதை ஆட்டம் தொடங்குமுன் எல்லோருமாகப் பேசி முடிவு செய்துகொள்ளலாம்.