வால்போர்டு சும்மா சும்மா சிவந்தால்

தண்டையார்பேட்டையில் 12 ஏஜென்ட் உள்ள கால் சென்டர். அழைப்பு நிலவரத்தைக் காட்டும் சுவர்த்திரை (வால்போர்டு) ஒவ்வொரு அரைமணி தொடக்கத்திலும் சிவந்துவிடும். சர்வீஸ் லெவல் (20 விநாடிக்குள் எடுத்த அழைப்புகளின் சதவீதம்) கணக்கு 30 நிமிடத்துக்கு ஒருமுறை புதிதாகத் தொடங்குவதுதான் காரணம்: முதல் அழைப்பை 20 விநாடிக்குள் எடுக்காவிட்டால் 0 சதவீதம், உடனே அலாரம். குறைந்தது 10 அழைப்பு சேர்ந்த பிறகே எச்சரிக்கை வரும்படி மாற்றினேன். இலக்கு 80 என்றால் மஞ்சள் 85, சிவப்பு 80. மஞ்சளையே 80-ல் வைத்தால் கைமீறிய பிறகுதான் தெரியும்.

காத்திருப்பு 45 விநாடியைத் தொட்டால் சிவப்பு. 30-க்குக் கீழே இறங்கினால்தான் பச்சை. இரண்டுக்கும் ஒரே எண் கொடுத்தால் திரை கல்யாண வீட்டு சீரியல் லைட் மாதிரி மினுக்கும்.

ராத்திரி ஷிப்டில் 3 பேர்தான். 'வரிசையில் 5 அழைப்பு' என்ற பகல் வரம்பு அங்கே ரொம்ப லேட், 2 போதும். ஷிப்ட்வாரியாகத் தனி வரம்பு போடுங்கள்.