பார்க்க அழகு, ஆட இடைஞ்சல்: மினியேச்சர் போர் விளையாட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிறு பொம்மைப் படைகளை மேசைமேல் நகர்த்திப் பகடை உருட்டி ஆடும் மினியேச்சர் போர் விளையாட்டுக்குப் புதிதாக வருபவர்கள் பொம்மையைப் பார்த்துத்தான் வருகிறார்கள்; விதிப்புத்தகத்தைப் படித்து மயங்கி வந்தவர் என்று ஒருவரை நான் இன்னும் சந்திக்கவில்லை. அதில் குறை சொல்ல எதுவும் இல்லை. வண்ணம் தீட்டிய இரண்டு படைகள் மேசையின் இரு பக்கமும் அணிவகுத்து நிற்கும் காட்சிக்காகத்தான் இத்தனை பாடும். ஆனால் அண்மையில் புதியவர்கள் சிலருடைய ஆட்டங்களை அருகிலிருந்து பார்த்தபோது, என் காலத்து ஆட்டக்காரர்களை அலைக்கழித்த அதே தவறுகள் வரிசைகூட மாறாமல் திரும்பி வருவதைக் கண்டேன். பெட்டி பெட்டியாக வாங்கிக் குவிப்பது, பிரைமர் என்ற அடிப்பூச்சைப் பூசாமல் வண்ணம் தீட்டுவது போன்றவற்றை எல்லோரும் எச்சரித்துவிடுகிறார்கள், அவற்றை விட்டுவிடுகிறேன். கண்ணுக்காகச் செய்த ஒரு காரியம் ஆட்டத்தின் போக்கையே மாற்றிவிடுவதும், அது தெரியாமல் ஆட்டக்காரர் விதியைத் திட்டுவதுமே இங்கே பேச வேண்டியவை.

துப்பாக்கியின் வீச்சைக் கணக்கிட்டுவிட்டுச் சிரிப்பது

28 மி.மீ. உயரப் பொம்மைகள் ஏறத்தாழ 1:56 விகிதத்தில் அமைந்தவை. பல ஆட்டங்களில் துப்பாக்கியின் வீச்சு 24 அங்குலம். அதை 56-ஆல் பெருக்கினால் 34 மீட்டர் வருகிறது. இதைக் கண்டுபிடித்த புதியவர், விதியை எழுதியவர் துப்பாக்கியையே பார்த்ததில்லை போலும் என்கிறார். 300 மீட்டர் வீச்சை அதே விகிதத்தில் காட்ட வேண்டுமானால் மேசை 5 மீட்டருக்கும் மேல் நீள வேண்டும் என்பதை அவர் கணக்கிடுவதில்லை. புருவம் தீட்டும் அளவுக்குப் பொம்மை பெரிதாகவும் வேண்டும், மேசை அறைக்குள் அடங்கவும் வேண்டும் என்றால், பொம்மைக்கு ஓர் அளவும் நிலத்துக்கு வேறோர் அளவும் வைத்துக்கொள்வதைத் தவிர வழியில்லை. இந்த உடன்பாடு பிடிக்காதவர்கள் 6 மி.மீ. பொம்மைகளுக்குப் போகலாம், 1:300 விகிதத்தில் அதே 24 அங்குலம் 180 மீட்டரைத் தாண்டிவிடும். புருவத்தை மட்டும் மறந்துவிட வேண்டும்.

அழகான வெறும் மேசை

எனக்கு இன்றும் எரிச்சலூட்டும் தவறு இதுதான். பணத்தையும் உழைப்பையும் அதிகமாக விழுங்குவதும் இதுதான். புதியவர் ஒருவர் பாலைவன மேசை ஒன்றைச் செய்திருந்தார். பாளம் பாளமாக வெடித்த தரை, வெடிப்புகளின் விளிம்பில் மட்டும் உலர்ந்த தூரிகையால் தடவிய வெளிர் நிறம், காய்ந்த புதர்கள், ஒரு மூலையில் மணலில் பாதி புதைந்த விலங்கின் விலா எலும்புகள், நடுவில் விரல் பருமனுக்கு உடைந்த தூண் ஒன்று. புகைப்படம் எடுப்பதற்கு அதைவிட நல்ல மேசையை நான் கண்டதில்லை. அவருடைய படை வாளும் கோடரியும் ஏந்தியது. எதிரே நின்றது துப்பாக்கிப் படை. ஆட்டத்துக்கு ஆட்டம் அவருடைய வீரர்கள் எதிரியைத் தொடும் முன்பே மடிந்தார்கள். இந்த ஆட்டத்தில் வாளுக்கு மதிப்பில்லை, விதிகளே துப்பாக்கிக்காரனுக்குச் சாதகமாக எழுதப்பட்டிருக்கின்றன என்று அவர் முடிவு கட்டிவிட்டார்.

அவர் சொன்னது சரியா என்று பகடைக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். மேசையின் அகலம் 48 அங்குலம். இரு படைகளும் தத்தம் விளிம்பிலிருந்து 12 அங்குலத்துக்குள் நின்றால் இடைவெளி 24 அங்குலம். காலாட்படை ஒரு சுற்றில் 6 அங்குலம் நகரும். எதிரி ஒரு சுற்றில் 30 முறை சுடுகிறான். பகடையில் 4-ஓ அதற்கு மேலோ விழுந்தால் குறி தப்பாது, மறுபடியும் 4-ஓ அதற்கு மேலோ விழுந்தால் காயம், 5-ஓ 6-ஓ விழுந்தால் கவசம் காக்கும். முப்பது பதினைந்தாகி, பதினைந்து ஏழரையாகி, கவசத்தையும் கழித்த பிறகு சராசரியாக ஐந்து பேர் விழுகிறார்கள். வெட்டவெளியில் நடந்து வரும் பத்துப் பேர் அணி முதல் சுற்றில் ஐந்து பேரையும் இரண்டாம் சுற்றில் மீதி ஐந்து பேரையும் இழந்துவிடும். அப்போதும் எதிரி 12 அங்குலத் தொலைவில்தான் இருப்பான்.

இப்போது மேசையின் நடுவில் உயரமான கட்டடம் ஒன்றை வையுங்கள். முதல் நகர்வு முழுவதும் அதன் மறைவில் முடிகிறது, யாரும் விழவில்லை. இரண்டாம் நகர்வில் வெளியே வந்து ஐந்து பேரை இழக்கிறார்கள். மூன்றாம் நகர்வில் மீதி ஐந்து பேர் எதிரிக்கு 6 அங்குலத்துக்குள் வந்து நிற்கிறார்கள். பாய்ந்து தாக்க இரண்டு பகடைகளின் கூட்டுத்தொகை ஆறோ அதற்கு மேலோ வேண்டும் என்றால், அதற்கு 36-க்கு 26 வாய்ப்பு உண்டு. விதியில் ஓர் எழுத்துகூட மாறவில்லை; ஒரே ஒரு கட்டடத்தால் வாளுக்கு மதிப்பு வந்துவிட்டது. மறைவிடங்கள் போதுமான அளவில் இருக்கும் என்று நம்பித்தான் விதியை எழுதுபவர் வீச்சையும் நகர்வையும் நிர்ணயிக்கிறார். அவற்றை எடுத்துவிட்டால், விதிப்புத்தகத்தின் சில பக்கங்களைக் கிழித்துவிட்டு ஆடுவதாகவே பொருள்.

இதை அவரிடம் விளக்கி, மேசையின் நடுவில் இரண்டு வெற்று அட்டைப்பெட்டிகளை வைத்து, ஒரே ஓர் ஆட்டம் ஆடிப் பார்க்கும்படி கேட்டேன். பெட்டிகள் மேசையின் அழகைக் கெடுக்கின்றன என்று மறுத்துவிட்டார். சில வாரங்களில், கண்ணின் கருமணிவரை தீட்டி முடித்த அந்தப் படையை முழுவதுமாக விற்றுவிட்டு, வேறோர் ஆட்டத்துக்குப் புதிய படை வாங்கினார். அதையும் அதே பாலைவனத்தில்தான் ஆடுகிறார். அதே புகாரைத்தான் சொல்கிறார்.

மறைவிடங்கள் இருந்தும் பயன்படாமல் போவது இதன் தம்பி. வழவழவென்று சரியும் குன்று இயற்கையாகத் தெரியும். ஆனால் உலோகப் பொம்மை அதில் நிற்காது, சறுக்கி விழுந்து மூக்கில் வண்ணம் பெயரும். படிபடியாக வெட்டிய குன்று கொஞ்சம் செயற்கையாகத் தெரிந்தாலும் அதில் படை நிற்கும். மரங்களை நெருக்கமாக ஒட்டிய காட்டுக்குள் பொம்மை ஒட்டிய எந்த அடித்தட்டும் நுழையாது. மெல்லிய பலகையைக் கோணல்மாணலாக வெட்டி அதைக் காட்டின் எல்லையாக வைத்து, மரங்களைத் தனித்தனிச் சிறு தட்டுகளில் ஒட்டாமல் நிறுத்துங்கள். அணி உள்ளே போகும்போது மரத்தை எடுத்து ஓரமாக வைத்தாலும் காட்டின் எல்லை அப்படியே இருக்கும். நான்கு சுவரிலும் சன்னல் உள்ள இடிபாடு, மினியேச்சரின் கண்மட்டத்திலிருந்து பார்க்கும் விதியில் யாரையும் மறைக்காது. தரைத்தள சன்னல்களுக்குக் குறுக்கே பலகைத் துண்டுகளை அறைந்ததுபோல் ஒட்டிவிட்டால் காட்சியும் கெடாது, பார்வையும் அடைபடும். இரண்டு கட்டடங்களுக்கு இடையே விடும் சந்து, உங்கள் படையின் அகலமான அடித்தட்டைவிட அகலமாக இருக்க வேண்டும்.

இந்த இழுபறி இன்று நேற்று வந்ததன்று. பிரஷ்யாவில் ரைஸ்விட்ஸ் என்பவர் 1812-இல் தம் போர் விளையாட்டை, நிலத்தோற்றத்தைப் புடைப்பாக வடித்த தகடுகளை மாற்றி மாற்றி அடுக்கும் அழகிய மேசையாகச் செய்து மன்னருக்கு அளித்தார். அது அரண்மனையோடு நின்றது. அவருடைய மகன் 1824-இல் அதே ஆட்டத்தை 1:8000 அளவு வரைபடத்துக்கும் சிறு கட்டைகளுக்கும் மாற்றிய பிறகுதான் அது படையதிகாரிகளின் கைக்குப் போய்ச் சேர்ந்தது.

தளபதியைப் பாறைமேல் ஏற்றுவது

தக்கையைப் பிய்த்துப் பாறையாக்கி அதன்மேல் தளபதியை நிறுத்தினால் கம்பீரமாகத்தான் இருக்கும். மினியேச்சரின் இடத்திலிருந்து குனிந்து பார்த்துப் பார்வைக்கோட்டைத் தீர்மானிக்கும் ஆட்டங்களில், அந்தத் தளபதி மேசையின் எல்லாத் துப்பாக்கிகளுக்கும் தெரிவார். இன்ஃபினிட்டி போன்ற ஆட்டங்களில் பொம்மை எப்படி நின்றாலும் அதன் அளவுக்கு உரிய நிலையான நிழலுரு ஒன்றுதான் கணக்கில் வரும். அங்கே பாறை எவ்வளவு உயரமாகவும் இருக்கலாம். படை முழுவதையும் மண்டியிட வைத்து மறைந்துகொள்ளப் பார்ப்பவருக்கும் இதுவே பொருந்தும். சட்டப்படி தப்பில்லாமல் இருக்கலாம், அவரோடு இரண்டாவது ஆட்டத்துக்கு ஆள் கிடைக்காது.

எந்த ஆட்டம் என்று முடிவாகும் முன்பே அடித்தட்டை முடிவு செய்வது

வார்ஹாமரின் பழைய கற்பனைப் போர் ஆட்டத்தில் சதுர அடித்தட்டு. 2015-இல் அதன் இடத்துக்கு வந்த ஏஜ் ஆஃப் சிக்மாரில் வட்டம். 2024-இல் வந்த தி ஓல்ட் வேர்ல்டில் மீண்டும் சதுரம், அதுவும் 20 மி.மீ. தட்டில் நின்ற மனிதர்களுக்கு 25 மி.மீ. கிங்ஸ் ஆஃப் வாரில் அணி முழுவதும் ஒரே பொருளாகக் கருதப்படுவதாலும் செத்த வீரர்களைத் தனித்தனியாக எடுப்பதில்லை என்பதாலும், ஒரே தட்டில் சிறு போர்க்களக் காட்சியே அமைக்கலாம். ஒவ்வொருவராக எடுக்கும் ஆட்டத்துக்கு அந்தத் தட்டைக் கொண்டுபோனால், செத்தவரைப் பக்கத்தில் தாளில் குறித்துக்கொண்டுதான் ஆட வேண்டும்.

ஆயுதங்களைப் பசை போட்டு ஒட்டுவது

காந்தம் வையுங்கள், ஆட்டத்துக்கு ஆட்டம் ஆயுதத்தை மாற்றலாம்.

பலம் பார்த்துப் படை தேர்வது

இது எதிர்த்திசைத் தவறு. அனுபவசாலிகள் என்று சொல்லிக்கொள்பவர்களும் செய்கிறார்கள். வார்ஹாமர் 40,000 என்ற ஆட்டத்தின் விதிகளில் எட்டாம் பதிப்பு 2017-இல் வந்தது, ஒன்பதாம் பதிப்பு 2020-இல், பத்தாம் பதிப்பு 2023-இல். இன்றைய பலமான படை அடுத்த பதிப்பில் பலவீனமாகலாம். பொம்மை அப்படியே இருக்கும். ஆட்டத்தை அதன் விதியைப் பார்த்தும், அந்த ஆட்டத்துக்குள் படையைக் கண்ணுக்குப் பிடித்ததைப் பார்த்தும் தேர்வு செய்வதே என் வழக்கம். விதியைப் பார்ப்பதற்குப் பொம்மை தேவையில்லை. அடித்தட்டின் அளவுக்கு வெட்டிய அட்டை வட்டங்களை வைத்து ஒரு மாலை ஆடினால் போதும்.

வண்ணம் முடியும்வரை ஆடாமல் இருப்பது

சாம்பல் நிற பிளாஸ்டிக்கோடு ஆடலாம். மேலே சொன்ன வார்ஹாமர் 40,000-இன் ஒன்பது, பத்தாம் பதிப்புகளில் முழுப்படைக்கும் வண்ணம் தீட்டியவருக்கு 100 புள்ளிகளில் 10 கிடைக்கும் என்பதால் போட்டிக்குப் போகிறவர்கள் அதைக் கணக்கில் வைக்க வேண்டும். மற்றவர்கள் களத்தில் இறக்கிய அணிகளை முதலில் தீட்டினால் போதும். தீட்டும்போது ஒவ்வோர் அணிக்கும் அடித்தட்டின் பின்விளிம்பில் ஒரு நிறக்கோடு போட்டுவிடுங்கள். ஒரே உடையணிந்த இரண்டு அணிகள் ஒரே இடிபாட்டுக்குள் கலந்து நிற்கும்போது, விழுந்தவன் எந்த அணியைச் சேர்ந்தவன் என்ற சச்சரவு அந்தக் கோட்டால் தீர்ந்துவிடும். எதிரே இருந்து பார்ப்பவர் கண்ணுக்கு அது தெரியவும் தெரியாது.