போர்க்கப்பல் பாதுகாப்பு விதிகளைத் திருத்துவது எப்படி: வரைவு எழுதுவோருக்கு ஒரு வழிகாட்டி

மும்பையில் மசகான் டாக் கப்பல் தளத்திலும், பவாயில் தலைமையகம் கொண்ட இந்தியன் ரிஜிஸ்டர் ஆஃப் ஷிப்பிங் நிறுவனத்திலும், இவற்றைச் சுற்றி இயங்கும் வடிவமைப்பு அலுவலகங்களிலும் தமிழ்ப் பொறியாளர்கள் பலர் பணியாற்றுகிறார்கள். சில ஆண்டு அனுபவம் சேர்ந்ததும், இவர்களில் சிலருடைய மேசைக்கு ஒரு கோப்பு வந்து சேரும்: போர்க்கப்பல்களின் வடிவமைப்புக்கும் சாதனங்களுக்கும் உரிய பாதுகாப்பு விதிகளில் ஓர் அத்தியாயம் பழையதாகிவிட்டது, திருத்தித் தரவும் என்ற குறிப்போடு. வரைபடம் போடவும் கணக்கிடவும் கல்லூரியில் சொல்லித் தருகிறார்கள். விதி எழுதச் சொல்லித் தருவதில்லை. அந்தக் கோப்பை வாங்கிக்கொண்டு எங்கே தொடங்குவது என்று யோசிப்பவருக்காக இதை எழுதுகிறேன். பொதுவெளியில் உள்ள செய்திகளை மட்டுமே எடுத்தாண்டிருக்கிறேன்.

எந்த விதி யாரைக் கட்டுப்படுத்தும்

வணிகக் கப்பலுக்கு வேலை செய்து பழகியவர்கள் கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான பன்னாட்டு உடன்படிக்கையான சோலாஸின் புத்தகத்தைத் திறந்து அதிலிருந்து பிரிவுகளை எடுத்து ஒட்டத் தொடங்குவார்கள். அதற்கு முன், அந்த உடன்படிக்கையின் முதல் அத்தியாயம், மூன்றாம் விதியை ஒரு முறை படித்துவிட வேண்டும். போர்க்கப்பல்களுக்கும் படைவீரர்களை ஏற்றிச் செல்லும் கப்பல்களுக்கும் சோலாஸ் பொருந்தாது என்று அது நேரடியாகவே கூறுகிறது. மாசுத் தடுப்புக்கான மார்ப்போல் உடன்படிக்கையும் போர்க்கப்பல்களுக்கு விலக்கு அளிக்கிறது; ஆனால் நியாயமாகவும் நடைமுறைக்கு ஏற்றவாறும் இயன்ற அளவுக்கு அதற்கு இசைவாக நடந்துகொள்வதை உறுதிசெய்யும்படி அரசுகளிடம் கேட்கிறது. கடலில் மோதலைத் தவிர்ப்பதற்கான 1972-ஆம் ஆண்டு விதிகள் மட்டும் போர்க்கப்பலையும் கட்டுப்படுத்தும்; விளக்குகளை வைக்கும் இடம் போன்ற சிலவற்றில், கப்பலின் அமைப்பைக் கருதிச் சலுகை உண்டு.

எஞ்சிய இடத்தைக் கடற்படைகளின் சொந்தத் தரநிலைகளும், கப்பல்களை ஆய்ந்து சான்றளிக்கும் வகைப்பாட்டு நிறுவனங்கள் வெளியிடும் போர்க்கப்பல் விதிகளும் நிரப்புகின்றன. நேட்டோ வெளியிட்ட ஏஎன்இபி-77 என்ற கடற்படைக் கப்பல் நெறித்தொகுப்பும் உண்டு. இந்தியா நேட்டோவில் இல்லை என்றாலும், இந்தத் தொகுப்பின் கட்டமைப்பை வரைவு எழுதும் எவரும் படிக்க வேண்டும் என்பேன். அது நோக்கத்திலிருந்து தொடங்கி, இலக்கு, செயற்பகுதிகள், செயல்திறன் தேவை, சரிபார்ப்பு முறை, அதற்கான நியாயம் என்று படிப்படியாக இறங்குகிறது. விதியையும் அந்த விதி ஏன் இருக்கிறது என்பதையும் ஒரே ஆவணத்துக்குள் வைத்திருப்பதுதான் அதன் சிறப்பு. நம் அலுவலகங்களில் விதி ஓரிடத்திலும் அதன் காரணம் ஓய்வுபெற்றுப் போய்விட்ட யாரோ ஒருவருடைய நினைவிலும் கிடப்பது வழக்கம்.

காரணத்தைத் தோண்டி எடுத்தல்

ஒரு பிரிவைத் தொடுவதற்கு முன், அது எந்த விபத்திலிருந்து அல்லது எந்தச் சோதனையிலிருந்து பிறந்தது என்று கண்டுபிடித்து ஒரு பக்கத்துக்குள் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நிலைப்புத்தன்மைக்கான, அதாவது கப்பல் கவிழாமல் நிற்கும் தன்மைக்கான, அளவுகோல்கள் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1944 டிசம்பரில் பிலிப்பைன்ஸ் கடலில் வீசிய சூறாவளியில் அமெரிக்காவின் ஹல், மோனகன், ஸ்பென்ஸ் என்ற மூன்று நாசகாரிக் கப்பல்கள் கவிழ்ந்து, ஏறக்குறைய 790 பேர் இறந்தார்கள். அந்த அனுபவத்தையும் போரில் சேதமடைந்த கப்பல்களின் பதிவுகளையும் கொண்டு சார்ச்சின், கோல்ட்பெர்க் என்ற இரு பொறியாளர்கள் 1962-இல் வெளியிட்ட அளவுகோல்களே, 100 நாட் வேகக் காற்றைத் தாங்குதல், கப்பல் நீளத்தில் 15 விழுக்காட்டுக்குச் சேதம் நேர்ந்தாலும் மிதத்தல் என்ற வடிவில், பல கடற்படைகளின் விதிகளுக்குள் நுழைந்தன.

இந்தப் பின்னணி தெரிந்தவர் இரண்டு தவறுகளைச் செய்யமாட்டார். அறுபது ஆண்டு பழைய எண் என்பதற்காக அதைத் தூக்கி எறியமாட்டார். அன்றைய ஒடுங்கிய உடற்பகுதி கொண்ட கப்பல்களிலிருந்து பெறப்பட்ட எண், இன்றைய அகன்ற கப்பல்களுக்கும் உயர்ந்த மேற்கட்டுமானங்களுக்கும் அதே அளவு பாதுகாப்பைத் தரும் என்றும் நம்பிவிடமாட்டார். காரணம் கிடைக்காத பிரிவுகளும் இருக்கும். அவற்றை நீக்காமல், 'காரணம் தேடப்படுகிறது' என்று குறித்து அப்படியே விட்டுவிடுவது நல்லது.

கப்பல் எந்த நிலையில் இருக்கிறது

பெரும்பாலான விதிகள், முழு மாலுமிக் குழுவோடும் இயங்கும் பம்புகளோடும் கடலில் ஓடும் கப்பலை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. ஆனால் போர்க்கப்பல் தன் வாழ்நாளில் பெரும் பகுதியைத் துறைமுகச் சுவரோரமாகவும் ரீஃபிட் என்ற பெரும் பழுதுபார்ப்பிலும் கழிக்கிறது. பெரும் தீவிபத்துகளில் பல அங்கேதான் நேர்ந்திருக்கின்றன. 2020 ஜூலை 12 அன்று சான் டியேகோவில் பராமரிப்பில் இருந்த அமெரிக்காவின் போனோம் ரிச்சர்ட் கப்பல் தீப்பிடித்து நான்கு நாட்களுக்கு மேல் எரிந்தது. அப்போது அதன் தீயணைப்பு நிலையங்களில் 87 விழுக்காடு பராமரிப்புக்காகச் செயலற்று இருந்தன என்று விசாரணை கண்டறிந்தது. கதவுகளின் வழியே இழுக்கப்பட்டிருந்த தற்காலிகக் கேபிள்களும் குழாய்களும் அறைகளை மூடவிடாமல் தடுத்தன. நுரை தெளிக்கும் அமைப்பும் பயன்படாமல் போயிற்று. காகிதத்தில் அந்தக் கப்பலுக்குத் தீ விதிகள் எல்லாம் இருந்தன.

மும்பையில் இருப்பவருக்கு இதை விளக்க அமெரிக்கா வரை போக வேண்டியதில்லை. 2024 ஜூலை 21 மாலை, இங்கே கடற்படைத் தளத்தில் ரீஃபிட்டில் இருந்த ஐஎன்எஸ் பிரம்மபுத்திராவில் தீ மூண்டது. மறுநாள் காலை தீ கட்டுக்குள் வந்த பிறகு, பிற்பகலில் கப்பல் ஒரு பக்கமாகக் கடுமையாகச் சாய்ந்தது. ஒரு மாலுமி உயிரிழந்தார். பழைய நிகழ்ச்சி ஒன்றும் உண்டு: 1942 பிப்ரவரி 9 அன்று நியூயார்க்கில், படைவீரர்களை ஏற்றிச் செல்லும் கப்பலாக மாற்றப்பட்டுக்கொண்டிருந்த நார்மண்டி கப்பலில் உலோகம் வெட்டும் வெட்டுவிளக்கின் பொறி உயிர்காப்பு அங்கிக் குவியலில் பட்டுத் தீ பரவியது, அணைப்பதற்குப் பாய்ச்சிய நீரே மேல்தளங்களில் தேங்கி அந்தக் கப்பலைக் கவிழ்த்தது.

கணக்கு எளியது. நிமிடத்துக்கு 400 லிட்டர் பாய்ச்சும் நான்கு ஹோஸ்கள் ஒரு மணி நேரத்தில் 96,000 லிட்டர், அதாவது ஏறத்தாழ 98 டன் கடல்நீரைக் கப்பலுக்குள் ஊற்றுகின்றன. எடையைவிட அது அலைபாய்வதுதான் ஆபத்து. தேங்கிய நீர்ப்பரப்பு நிலைப்புத்தன்மையைக் குறைக்கும் அளவு, அறையின் அகலத்தின் மும்மடிக்கு ஏற்பக் கூடும். அதே அறையை நீளவாக்கில் ஒரு சுவர் இரண்டாகப் பிரித்தால் பாதிப்பு கால் பங்காகிவிடும். ஆனால் ஒரு பக்கம் மட்டும் நிரம்பினால் சாய்வு வேறு வந்து சேரும். ஆகவே தீ அத்தியாயத்தைத் திருத்துபவர் நிலைப்புத்தன்மை அத்தியாயத்தின் வரைவாளரோடு உட்காராமல் ஒரு வரியும் எழுதக் கூடாது. தண்ணீர் உள்ளே போகும் வழி எழுதப்பட்ட இடத்திலேயே வெளியேறும் வழியும் எழுதப்பட வேண்டும்.

இதற்குக் கைகண்ட முறை ஒன்று: ஒவ்வொரு பிரிவுக்கும் எதிரே கடலில், துறைமுகத்தில், உலர்துறையில், ரீஃபிட்டில், வெள்ளோட்டத்தில் என்று ஐந்து கட்டங்கள் போட்டு, இந்தப் பிரிவு அந்த நிலையில் பொருந்துமா, பொருந்தாவிட்டால் அதற்கு ஈடாக என்ன என்று நிரப்ப வேண்டும். வெற்றுக் கட்டங்களே உங்கள் திருத்தப் பட்டியல்.

ஒரு பிரிவைப் பிரித்து எழுதிப் பார்ப்போம்

பழைய விதிகளில் இப்படி ஒரு வாக்கியம் இருப்பதாகக் கொள்வோம்: 'நீர்புகாத் தடுப்புச்சுவர்களின் வழியே செல்லும் கேபிள்கள் முறையாக அடைக்கப்பட வேண்டும்.' படிக்கையில் குறை தெரியாது. ரீஃபிட்டில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். புதிய ரேடாருக்கு நான்கு கேபிள்கள் இழுக்க வேண்டும். சுவரில் கேபிள்கள் நுழைவதற்கு இருக்கிற சட்டகத்தில் காலியிடம் இல்லை. வேலையை முடித்தாக வேண்டிய எலக்ட்ரீஷியன் பக்கத்திலேயே கேஸ் கட்டரால் ஓர் ஓட்டை போட்டு, கேபிளைச் செலுத்தி, சுற்றிலும் புட்டி என்ற அடைப்புப் பசையை அப்பி, மேலே சாம்பல் பெயின்ட் அடித்துவிடுகிறார். கண்ணுக்கு அது 'முறையாக' அடைபட்டதாகவே இருக்கும். தீ வந்தாலும் தண்ணீர் வந்தாலும் அந்தப் புட்டி நிற்காது.

திருத்திய பிரிவு குறைந்தது நான்கு விஷயங்களைச் சொல்ல வேண்டும். முதலில் நோக்கம்: சேதமுற்ற அறையிலிருந்து நீரும் தீயும் புகையும் அடுத்த அறைக்குப் போகாமல் தடுப்பது. அடுத்து செயல்திறன்: அடைப்பு, அந்தச் சுவர் எவ்வளவு நீரழுத்தத்துக்கு வடிவமைக்கப்பட்டதோ அதே அழுத்தத்தையும், அதே தீத்தடுப்பு வகுப்பையும் தாங்க வேண்டும். ஏ-60 வகுப்புச் சுவர் என்றால், தீப்படாத பக்கத்தின் சராசரி வெப்பநிலை 60 நிமிடத்துக்குள் தொடக்க நிலையைவிட 140 செல்சியஸ் பாகைக்கு மேலும், எந்த ஒரு புள்ளியிலும் 180 பாகைக்கு மேலும் உயரக் கூடாது என்பது சோலாஸ் வழக்கு. அந்த எண்ணை எடுத்துக்கொள்வதில் தடையில்லை. மூன்றாவது சரிபார்ப்பு: அடைப்புப் பொருளுக்கு வகைச் சோதனைச் சான்றிதழ், கப்பலில் பொருத்திய பின் அறைக்குக் காற்றழுத்தச் சோதனை, பின்னர் எப்போது திறக்கப்பட்டாலும் மறு சோதனை. நான்காவது பதிவு: ஒவ்வொரு துளைக்கும் எண், அந்த எண் சுவரிலும் பதிவேட்டிலும், கட்டும்போதே வருங்காலக் கேபிள்களுக்குக் காலியிடம். கடைசியாகச் சொன்ன காலியிடத்தைச் செலவு என்று வெட்டச் சொல்வார்கள், விட்டுக்கொடுக்காதீர்கள். அந்த எலக்ட்ரீஷியனை ஓட்டை போட வைத்தது அந்த இடம் இல்லாமைதான்.

சுவர் எதையும் கடக்கவிடாமல் காப்பது கேபிளோடு முடிந்துவிடுவதில்லை. 2018 நவம்பர் 8 அன்று எண்ணெய்க் கப்பலோடு மோதிய நார்வேயின் ஹெல்கே இங்ஸ்டாட் போர்க்கப்பலில், பின்புற ஜெனரேட்டர் அறையில் புகுந்த நீர் உள்ளீடற்ற சுழல்தண்டுகளின் வழியாகவே பற்சக்கர அறைக்குள் பாய்ந்தது. சுவரைத் துளைத்துச் செல்லும் பொருள் எதுவாயினும் அதன் உட்புறமும் ஒரு வழிதான் என்று பிரிவில் எழுதப்பட வேண்டும்.

சாதனம் மாறும்போது

ஒரு சாதனத்தை மாற்றுவது வடிவமைப்பை மாற்றுவதுதான் என்று விதியில் தெளிவாக எழுதாவிட்டால், யாரும் அப்படிக் கருதமாட்டார்கள். 1998 மே 5 அன்று ஆஸ்திரேலியக் கடற்படையின் எண்ணெய்க் கப்பலான வெஸ்ட்ரேலியாவின் என்ஜின் அறையில், விறைப்பான குழாய்களுக்குப் பதிலாகச் சற்று முன்னர்தான் பொருத்தப்பட்ட வளையும் எரிபொருள் ஹோஸ் வெடித்து, டீசல் சூடான பாகத்தில் தெறித்துத் தீப்பிடித்தது, நால்வர் இறந்தார்கள். அந்த மாற்றம் வகைப்பாட்டு நிறுவனத்தின் ஒப்புதலுக்குப் போகவே இல்லை. ஆகவே 'சமமான மாற்று' என்ற சொல்லை விதியில் அனுமதித்தால், சமம் என்று தீர்மானிப்பவர் யார், எந்தச் சோதனையைக் கொண்டு என்பதையும் உடன் எழுதுங்கள்.

தீயணைப்புப் பொருட்கள் இந்தப் பத்தாண்டில் அதிகம் மாறுகின்றன. 1987 மான்ட்ரியல் உடன்பாட்டுக்குப் பின் ஹாலான் என்ற தீயணைப்பு வாயு படிப்படியாக விலக்கப்பட்டது. பிஎஃப்ஓஎஸ் என்ற ஃபுளோரின் சேர்மம் கலந்த தீயணைப்பு நுரைக்கு, வணிகக் கப்பல்களில் 2026 ஜனவரி 1 முதல் சோலாஸ் தடை விதித்திருக்கிறது. கடற்படை கட்டுப்படாவிட்டாலும், சந்தையில் கிடைப்பது அதையொட்டியே மாறும். ஃபுளோரின் இல்லாத நுரையைப் பழைய தொட்டியில் ஊற்றினால் வேலை முடிந்தது என்று எண்ணக் கூடாது. அதன் பாகுத்தன்மை வேறு, தெளிக்க வேண்டிய அளவு வேறு, நுரையை நீரோடு கலக்கும் கலப்பான் ஒத்துழைக்குமா என்பதும் வேறு கேள்வி. பொருளின் பெயரை விதியில் எழுதுவதைவிட, இவ்வளவு பரப்புத் தீயை இத்தனை நொடிக்குள் அணைக்க வேண்டும் என்று எழுதுவதே நீடிக்கும்.

காக்கும் சாதனமே கொல்லவும் கூடும். 2008 நவம்பர் 8 அன்று ரஷ்யாவின் நெர்ப்பா நீர்மூழ்கிக் கப்பல், பின்னாளில் ஐஎன்எஸ் சக்ரா என்ற பெயரில் இந்தியக் கடற்படைக்குக் குத்தகையில் வந்த அதே கப்பல், வெள்ளோட்டத்தில் இருந்தபோது தீயணைப்பு வாயு தவறுதலாகத் திறந்து 20 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் கப்பல் தளத்து ஊழியர்கள். வழக்கமான குழுவைவிட மிக அதிகமானோர் அன்று உள்ளே இருந்தார்கள். சுவாசக் கருவிகளின் எண்ணிக்கையைக் குழுவின் பலத்தைக் கொண்டு கணக்கிடும் விதி உங்கள் புத்தகத்தில் இருந்தால், 'அந்நேரத்தில் கப்பலில் உள்ள அனைவருக்கும்' என்று இன்றே திருத்திவிடுங்கள்.

பழைய கப்பல்களும் விலக்குகளும்

புதிய பிரிவு எந்தத் தேதிக்குப் பிறகு ஒப்பந்தமாகும் கப்பலுக்குப் பொருந்தும், ஏற்கெனவே ஓடும் கப்பல் அடுத்த ரீஃபிட்டில் எதை மட்டும் செய்ய வேண்டும், எதை ஒருபோதும் செய்ய இயலாது என்று மூன்றாகப் பிரியுங்கள். எல்லாக் கப்பலுக்கும் உடனே என்று எழுதப்படும் விதி விலக்குகளால் துளைக்கப்பட்டுச் செத்துப்போகும். வரைவைக் கருத்துக்கு அனுப்பும்போது அதிகாரிகளோடு நிறுத்திக்கொள்ளாமல், சேதக் கட்டுப்பாட்டுக் குழுவின் மாலுமிகளிடமும் தளத்து ஃபோர்மேன்களிடமும் கொடுங்கள். லோனாவ்லாவில் ஐஎன்எஸ் சிவாஜி என்ற கடற்படைப் பயிற்சித் தளத்தில் பயிற்சி பெற்றவர்கள், எந்த வால்வு கைக்கு எட்டாது என்பதை உங்கள் வரைபடத்தைவிட நன்றாக அறிவார்கள். ஒரு கப்பலில் வரைவைக் கையில் வைத்துக்கொண்டு நடந்து பார்ப்பது, மூன்று கூட்டங்களைவிடப் பயன் தரும்.

விலக்கு கேட்டு வருவதைத் தவிர்க்க முடியாது. ஒவ்வொரு விலக்குக்கும் காரணம், ஈடாகச் செய்தது, ஒப்பமிட்ட ஒரே ஒருவரின் பதவி, முடிவுத் தேதி ஆகிய நான்கும் பதிவேட்டில் இருக்கட்டும். முடிவுத் தேதி இல்லாத விலக்கை ஏற்க வேண்டாம். அந்தப் பதிவேட்டை ஆண்டுக்கு ஒரு முறை பிரிவு வாரியாக அடுக்கிப் பாருங்கள். வெவ்வேறு கப்பல்கள் ஒரே பிரிவுக்குத் திரும்பத் திரும்ப விலக்குக் கேட்டிருந்தால், அந்தப் பிரிவை அடுத்த திருத்தக் கோப்பில் முதலில் வைக்கலாம்.