பழைய அலைச்சறுக்குப் பலகையைச் சீர்செய்வது எப்படி: முதலில் படியுங்கள், அப்புறம் தேயுங்கள்

தென் கலிபோர்னியாவில் வீட்டு வாசலில் போட்டு விற்கும் பழைய சாமான்களுக்கு நடுவே, 1960-களில் செய்த நீளமான அலைச்சறுக்குப் பலகைகள் (சர்ஃப்போர்டுகள்) இன்றும் தட்டுப்படுவதுண்டு. ஒன்பதரை அடி, பத்தடி நீளம் இருக்கும். மஞ்சள் ஏறி, கால் வழுக்காமலிருக்க மேலே பூசிய மெழுகு கறுத்து, மூக்கில் டேப் சுற்றிக் கிடக்கும். வாங்கி வந்த ஜோரில் உப்புத்தாளை எடுத்துத் தேய்க்கத் தோன்றும். தயவுசெய்து தேய்க்காதீர்கள். அதை யார் செய்தார், எந்த வருடம் செய்தார் என்பதற்கான சாட்சியம் முழுக்க பலகையைப் போர்த்திய கண்ணாடி நாரின் (ஃபைபர்கிளாஸ்) மேலும் அதற்குச் சற்றுக் கீழும்தான் இருக்கிறது. தேய்த்து அழித்ததைத் திரும்பக் கொண்டுவர முடியாது.

அதனால் முதலில் படிப்பது, பிறகு காயவைப்பது, கடைசியாகத்தான் சீர்செய்வது என்று வரிசை வைத்துக்கொள்ளுங்கள்.

1. மெழுகை எடுப்பது

பலகையைப் பத்து நிமிடம் வெயிலில் வைத்தால் மெழுகு இளகிவிடும். அதற்கு மேல் வைக்க வேண்டாம், உள்ளே இருக்கும் பழைய ஃபோம் (கெட்டியான நுரை) சூடு தாங்காது. பிளாஸ்டிக் சுரண்டியால் வழித்து எடுத்துவிட்டு, மிச்சத்தை டர்பன்டைன் தொட்ட துணியால் துடையுங்கள். இரும்புத் தகடு கீறும். மேலே ஒட்டிய ஸ்டிக்கர் இருந்தால் அதன் பக்கம் எந்தக் கரைப்பானும் போகவேண்டாம். அதுவும் சாட்சிதான்.

2. பலகையைப் படிப்பது

இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. ஒரு டார்ச், ஒரு அளவு நாடா, ஒரு செல்போன் போதும்.

பலகையின் நடுவே மூக்கிலிருந்து வால்வரை ஒரு மரப்பட்டை ஓடும். இதற்கு ஸ்டிரிங்கர் என்று பெயர். ஃபோம் முறியாமல் பிடித்துக்கொள்வது இதுதான். ஃபோமைச் செதுக்கியவர், கண்ணாடி நார் போர்த்துவதற்கு முன், இந்தப் பட்டையின் மேலோ ஓரத்திலோ பென்சிலால் குறித்து வைப்பார். பெரும்பாலும் அடிப்பக்கத்தில், வாலருகே துடுப்புபோல நிற்கும் ஃபின்னை ஒட்டி இருக்கும். சில சமயம் மேல்பக்கத்திலும் இருக்கும். அறையை இருட்டாக்கி, டார்ச்சைப் பலகையோடு ஒட்டினாற்போல் பக்கவாட்டில் பிடியுங்கள். நேர் வெளிச்சத்தில் வெறும் அழுக்காகத் தெரிந்த இடத்தில், சாய்ந்த வெளிச்சத்தில் 9-6 (ஒன்பது அடி ஆறு அங்குலம்) என்று நீளமும், அதன் பக்கத்தில் ஒரு எண்ணும், ஓரிரு எழுத்தில் ஒரு கையொப்பமும் மெல்ல எழும்பி வரும். உடனே படம் எடுத்து, செல்போனிலேயே கான்ட்ராஸ்டைக் கூட்டிப் பாருங்கள். அந்த எண் பல பட்டறைகளில் ஆர்டர் எண். யாருக்காகச் செய்தது என்ற பேரேட்டுக்கு அதுதான் சாவி.

அடுத்து முத்திரை. அந்தக் காலத்துப் பட்டறைகள் பெயரை மெல்லிய அரிசித்தாளில் அச்சடித்து நாருக்கு அடியில் வைத்து, இறுகிக் கெட்டியாகும் பிசினான ரெசினை ஊற்றுவார்கள். தாள் கண்ணாடிபோல மறைந்துபோய் அச்சு மட்டும் நிற்கும். அடியில் இருப்பது பட்டறையின் பெயர், மேலே ஒட்டியிருப்பது விற்ற கடையின் பெயராகவும் இருக்கலாம். முகவரி இருந்தால் கூர்ந்து பாருங்கள். அமெரிக்காவில் ஐந்து இலக்க ஜிப் எண் வந்தது 1963-இல். முகவரியில் ஜிப் எண் இருந்தால் அந்த முத்திரை அதற்குப் பிந்தியது.

பிறகு துணி. வெளிச்சத்தில் லேசான பச்சை ஓடினால் அது வோலன் என்ற பழைய கண்ணாடி நார்த் துணியாக இருக்கும். 60-களின் நல்ல பட்டறைகள் அதைத்தான் போர்த்தின. நெய்த கட்டம் தெரியாமல், வெட்டிப்போட்ட நார்கள் தாறுமாறாகக் கிடப்பதுபோல் தெரிந்தால், அது பெரும்பாலும் அச்சில் வார்த்து மொத்தமாக விற்ற பலகை. அதற்கும் ஒரு வரலாறு உண்டு. ஆனால் அதில் ஒரு செதுக்குநரின் கையெழுத்தைத் தேடாதீர்கள்.

3. வயதைக் கணிப்பது

பால்சா மரப் பலகையா, ஃபோம் பலகையா என்று முதலில் பாருங்கள். சாண்டா மோனிகாவில் டேவ் ஸ்வீட் 1956 வாக்கிலேயே பாலியூரித்தேன் ஃபோமில் பலகை செய்ய ஆரம்பித்துவிட்டார். 1954-இல் டேனா பாயின்ட்டில் கடை திறந்த ஹோபி ஆல்ட்டரும் அவரிடம் வேலை பார்த்த கோர்டன் கிளார்க்கும் 1958-இல் ஃபோமுக்கு மாறினார்கள். அதற்குப் பின் பால்சா வேகமாகப் பின்வாங்கியது.

1967 வரை ஒன்பது, பத்தடிதான் வழக்கம். ஆஸ்திரேலியாவில் பாப் மெக்டாவிஷ் போன்றவர்கள் நீளத்தைக் குறைக்க ஆரம்பித்ததும், மூன்றே வருடத்தில் பலகைகள் ஏழடிக்கு வந்துவிட்டன. காலில் கட்டும் கயிறு 70-களில்தான் பரவியது. 60-களின் பலகையில் கயிறு கோக்கும் குழி இருந்தால் அது பிற்பாடு போட்டது. மூன்று ஃபின் இருந்தால் பெரும்பாலும் சைமன் ஆண்டர்சன் அந்த வடிவத்தைக் கொண்டுவந்த 1980-81-க்குப் பிந்தியது.

4. செய்தவரைத் தேடுவது

முத்திரையில் இருக்கும் பெயர் வேறு, செதுக்கிய கை வேறு. புதிதாக வருகிறவர்கள் இதில்தான் அதிகம் குழம்புகிறார்கள். ஹோபி என்று போட்டிருந்தால் ஹோபி ஆல்ட்டரே செய்தார் என்று பொருளில்லை. அந்தப் பட்டறையில் ஃபில் எட்வர்ட்ஸ், டெர்ரி மார்ட்டின் என்று பல கைகள் செதுக்கின. செதுக்கியவர் ஒருவர், நார் போர்த்தியவர் இன்னொருவர், தேய்த்து மெருகேற்றியவர் மூன்றாமவர். பென்சில் கையொப்பம்தான் முதல் ஆளைக் காட்டிக்கொடுக்கும். அதற்காகத்தான் உப்புத்தாளைத் தள்ளி வைக்கச் சொல்கிறேன்.

பெயர் கிடைத்ததும் தேட வேண்டிய இடங்கள் உண்டு. 1960-இல் ஜான் செவர்சன் தொடங்கிய சர்ஃபர் இதழின் பழைய விளம்பரங்களில் முத்திரை, முகவரி, மாடல் பெயர் எல்லாம் வருடத்தோடு கிடைக்கும். முத்திரை எந்த வருடம் மாறியது என்பதை அந்தப் பக்கங்களைப் புரட்டியே கண்டுபிடித்துவிடலாம். சான் கிளமென்டேயில் அலைச்சறுக்கு மரபு மையமும், ஓஷன்சைடில் கலிபோர்னியா சர்ஃப் மியூசியமும் இருக்கின்றன. ஹோபி, பிங் போன்ற பெயர்கள் இன்னும் தொழிலில் இருப்பதால் எண்ணையும் படங்களையும் நேராக அவர்களுக்கே அனுப்பிக் கேட்கலாம். சிறிய, மறைந்துபோன பட்டறை என்றால் அந்த ஊர் நூலகத்தில் பழைய தொலைபேசி விவரப் புத்தகத்தைப் பாருங்கள். எந்த ஆண்டுப் புத்தகத்தில் பெயர் முளைக்கிறது, எதில் காணாமல் போகிறது என்பதே பட்டறையின் ஆயுளைச் சொல்லும்.

ஒரு எச்சரிக்கை. பிரபல மாடல்களைப் பிற்காலத்தில் மறுபடியும் செய்து விற்றிருக்கிறார்கள். முத்திரையை மட்டும் நம்பாமல் துணி, ஃபின், பென்சில் மூன்றும் ஒரே காலத்தைச் சொல்கின்றனவா என்று பாருங்கள்.

கோர்டன் கிளார்க் பின்னாளில் கிளார்க் ஃபோம் என்ற ஆலையை நடத்தினார். அமெரிக்கப் பட்டறைகளில் பெரும்பாலானவை அவருடைய ஃபோமைத்தான் செதுக்கின. 2005 டிசம்பர் 5, திங்கட்கிழமை, வாடிக்கையாளர்களுக்கு ஃபேக்ஸ் அனுப்பிவிட்டு ஒரே நாளில் ஆலையை மூடினார். ஃபோமை வார்க்கும் அச்சுகளும் உடைக்கப்பட்டன. அந்த அச்சுகள் தந்த பல பழைய வளைவுகள் இன்று உங்கள் கையில் இருக்கும் பலகைகளில் மட்டும்தான் மிஞ்சியிருக்கின்றன.

5. காயவைப்பது

விரிசல் வழியாகப் போன தண்ணீர் ஃபோமில் ஊறிப் பழுப்பாகும். உதிரும் நாரை மட்டும் வெட்டி எடுத்துவிட்டு, அடிபட்ட இடம் கீழே வருமாறு நிழலில் சாய்த்து வையுங்கள். மின்விசிறி ஓடட்டும். வாரக்கணக்கில் ஆகலாம், பரவாயில்லை. ஓட்டையின் மேல் பிளாஸ்டிக் தாளைச் சுற்றிலும் டேப் போட்டு ஒட்டி ஒரு இரவு விடுங்கள். காலையில் உள்பக்கம் வேர்த்திருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது.

6. ரெசின் வேலை

பழைய பாலியூரித்தேன் பலகைகளில் போட்டது பாலியெஸ்டர் ரெசின், அதையே போடலாம். எபாக்ஸி என்ற வேறு வகை ரெசினும் ஒட்டும். ஆனால் யாராவது ஏற்கெனவே எபாக்ஸியால் சீர்செய்த இடத்தின் மேல் பாலியெஸ்டர் சரியாகப் பிடிக்காது. பலகை ஸ்டைரோஃபோம் (தெர்மோகோல் போன்றது) வகையாக இருந்தால் பாலியெஸ்டர் அதைக் கரைத்துவிடும்.

தமிழ்நாட்டில் இருக்கிறவர்களுக்கு: ஃபைபர் படகு கட்டுகிறவர்கள் வாங்கும் கடைகளில் பாலியெஸ்டர் ரெசினும் நார்த் துணியும் கிடைக்கும். அங்கே ரெசினோடு, அதை இறுகவைக்கும் ஆக்சிலரேட்டர், கேட்டலிஸ்ட் என்று இரண்டு புட்டிகள் தந்தால், அவை இரண்டையும் நேரடியாகக் கலக்கவே கூடாது, வெடிக்கும். ஆக்சிலரேட்டரை முதலில் ரெசினில் நன்றாகக் கலக்கிவிட்டு, பிறகுதான் கேட்டலிஸ்ட். கண்ணில் கேட்டலிஸ்ட் பட்டால் பார்வைக்கே ஆபத்து. கண்ணாடி, கையுறை, ரசாயன ஆவி வடிகட்டும் முகக்கவசம் மூன்றும் இல்லாமல் புட்டியைத் திறக்காதீர்கள்.

அடிபட்ட இடத்தைச் சுற்றி ஓர் அங்குலம் மட்டும் 80 எண் உப்புத்தாளால் சொரசொரப்பாக்குங்கள். பென்சில் எழுத்தோ முத்திரையோ பக்கத்தில் இருந்தால் முதலில் அதன்மேல் மாஸ்கிங் டேப் இரண்டு அடுக்கு ஒட்டிவிடுங்கள். சின்னப் பள்ளத்துக்கு ரெசினில் நுண்குமிழித் தூளை (மைக்ரோபலூன்) கலந்து அடையுங்கள். பெரிய பள்ளத்துக்கு ஃபோம் துண்டைச் செதுக்கிப் பொருத்துங்கள். நிரப்பியது சுற்றுப்புறத்தைவிட ஒரு மயிரிழை தாழ்ந்திருக்க வேண்டும், மேலே துணி வரவேண்டுமே.

நிறத்துக்கு நேரம் ஒதுக்குங்கள். புது ரெசின் தண்ணீர்போல இருக்கும். அறுபது வருடம் வெயில் கண்ட பலகை தேன் நிறத்தில் இருக்கும். ரெசினில் மஞ்சள் நிறமியும் துளி பழுப்பும் சேர்த்து, பிளாஸ்டிக் தாளில் ஒரு சொட்டு விட்டு, பகல் வெளிச்சத்தில் பலகையின் மேல் வைத்துப் பாருங்கள். ஒத்து வந்த பிறகே கேட்டலிஸ்ட் ஊற்றுங்கள். 100 கிராம் ரெசினுக்கு 1 முதல் 2 கிராம் போதும். வெயில் காலத்தில் குறைந்த அளவே நல்லது. ஒரே கோப்பையில் நிறையக் கலந்தால் சூடேறிப் புகையும்.

சின்னத் துணி ஒன்று, அதைவிடச் சற்றுப் பெரியது ஒன்று என இரண்டு அடுக்கு வைத்து, காற்றுக் குமிழி இல்லாமல் ரெசினை வழித்துவிடுங்கள். துணிக்கு ஊற்றும் ரெசின் மேலே பிசுபிசுப்பாகவே நிற்கும், பயப்பட வேண்டாம். காற்றுப் படுவதால் அப்படி. அடுத்த பூச்சுக்கு மெழுகு கலந்த ரெசினைப் போட்டால் மெழுகு மேலே மிதந்து காற்றைத் தடுக்கும், ரெசின் கெட்டியாக இறுகும். பிறகு 100, 220 எண் தாள்கள். அதற்கப்புறம் தண்ணீர் தொட்டு 400, 600. கடைசியில் பாலிஷ்.

நாணயத்தால் தட்டும்போது பொத்தென்று சத்தம் வரும் இடங்களில் நார் ஃபோமை விட்டு எழும்பியிருக்கிறது. சின்ன இடம் என்றால் இரண்டு துளை போட்டு, ஒன்றில் எபாக்ஸியை ஊசியால் ஏற்றி, மற்றதில் வெளியே வந்ததும் பிளாஸ்டிக் தாள் விரித்துப் பாரம் வையுங்கள். பெரிய இடம் என்றால் அனுபவசாலி கையில் கொடுங்கள்.

7. எங்கே நிறுத்துவது

மஞ்சளை வெளுக்கவோ பெயின்ட் அடிக்கவோ கூடாது என்பது என் உறுதியான கருத்து. தண்ணீர் புகாமல் அடைத்தாகிவிட்டால் வேலை முடிந்தது. சேகரிப்பவர்களும் தொடாத பலகையைத்தான் விரும்புவார்கள். ஒட்டிப் போர்த்திய மர ஃபின்னில் விளிம்பு உடைந்திருந்தால் உடைந்ததை மட்டும் சரிசெய்யுங்கள், ஃபின்னை மாற்றாதீர்கள்.

எடுத்த படங்கள், எண், கிடைத்த பதில்கள், நீங்கள் எங்கெங்கே என்ன ரெசின் போட்டீர்கள் என்பது எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி உறையில் போட்டுப் பலகையோடு வையுங்கள். விற்றாலும் உறை கூடவே போகட்டும். பலகையை நிழலில், மெத்தை கட்டிய தாங்கியில் படுக்க வையுங்கள். மூடிய காரில் ஒரு மதியம் விட்டாலே போர்த்திய நார் மறுபடி எழும்பிவிடும்.