மீட்ட பாம்பு சாப்பிடவில்லையா? எலியைத் தேடி ஓடாதீர்கள்

யாரோ வளர்க்க முடியாமல் கைவிட்ட பாம்பு ஒன்று உங்கள் பொறுப்புக்கு வந்திருக்கிறது. முதுகெலும்பு கூரை முகடு போலத் துருத்திக்கொண்டு நிற்கிறது. எலியைக் காட்டினால் தலையைத் திருப்பிக்கொள்கிறது. எப்படியாவது எதையாவது உள்ளே இறக்கிவிட வேண்டும் என்று மனம் பதறும். பாம்புக்கு அந்தப் பட்டினியை விட நம்முடைய பதற்றம்தான் ஆபத்து. நல்ல உடம்போடு இருக்கும் வளர்ந்த மலைப்பாம்பு மாதக்கணக்கில் சாப்பிடாமல் இருக்கும். உலகெங்கும் வீடுகளில் வளர்க்கப்படும் ஆபிரிக்க இனமான பால் பைத்தன் (ball python, பந்தாகச் சுருளும் மலைப்பாம்பு) இந்த விஷயத்தில் பேர்போன பிடிவாதக்காரன். மெலிந்த பாம்புக்கு அவ்வளவு அவகாசம் இல்லைதான். ஆனாலும் சாப்பாடு என்பது வரிசையில் கடைசியாக வருவது.

அதற்கு முன் ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். அறுவடை நேரம் மட்டக்களப்பின் படுவான்கரை வயல்களில் அகப்பட்ட வெங்கிணாந்தி (உள்ளூர் மலைப்பாம்பு)க் குட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்து வளர்ப்பது இரக்கமாகத் தோன்றலாம், ஆனால் சட்டப்படி குற்றம். இலங்கையின் 1937ஆம் ஆண்டு வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் உள்ளூர் மலைப்பாம்பைப் பாதுகாக்கிறது. அப்படி ஒன்று கைக்கு வந்தால் வனஜீவராசிகள் திணைக்களத்தின் 1992 இலக்கத்துக்கு அழைத்து ஒப்படையுங்கள். வெளிநாட்டுப் பாம்பு என்றாலும் கடதாசி இல்லாமல் வைத்திருப்பது சிக்கல்தான், அவர்களோடு பேசிவிட்டே பராமரிப்பைத் தொடங்குங்கள். 'பாவம், காட்டில் விட்டுவிடுவோம்' என்று வெளிநாட்டுப் பாம்பைக் கொண்டுபோய் வெளியில் விடும் எண்ணம் வேண்டவே வேண்டாம்.

என்ன பாம்பு என்று தெரியாமல் தீனி தேடுவது அடுத்த தவறு. எல்லாப் பாம்பும் எலி தின்னும் என்பது பரவலான நம்பிக்கை. தண்ணீர்ப் பாம்புக்கு மீனும் தவளையும் வேண்டும், கொம்பேறி மூக்கனுக்குத் தவளையும் பல்லி ஓணான் வகைகளும். அவற்றின் முன்னால் எலியை வைத்துவிட்டு 'சாப்பிடுதில்லை' என்று கவலைப்படுவதில் பயனில்லை. இதைவிடப் பெரிய ஆபத்தும் இருக்கிறது. திட்டுத்திட்டாய்ப் புள்ளி போட்ட மலைப்பாம்புக் குட்டிக்கும் கொடிய விஷமுள்ள கண்ணாடிப் புடையனுக்கும் வித்தியாசம் தெரியாமல் கையில் தூக்கியவர்கள் உண்டு. சந்தேகம் கொஞ்சம் இருந்தாலும் தொடாதீர்கள், படம் எடுத்து அனுப்பித் தெரிந்தவர்களிடம் கேளுங்கள். கடித்துவிட்டால் வேறெங்கும் சுற்றாமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

சரி, இது பால் பைத்தன்தான் என்று உறுதியாகிவிட்டது, ஆவணமும் சரியாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதலில் தண்ணீர். பட்டினி கிடந்த பாம்பு அநேகமாக வறண்டும் போயிருக்கும். விலாப்பக்கத் தோலை மெதுவாகத் தடவிப் பாருங்கள். மடிப்பு விழுந்து அப்படியே நின்றால், வாய்க்குள் எச்சில் நூல்நூலாய் ஒட்டினால், வெள்ளைக் களிம்பாக வரவேண்டிய கழிவு மஞ்சள் கட்டியாக வந்தால், உடம்பில் நீர் இல்லை என்று அர்த்தம். அந்த நிலையில் இரை கொடுத்தால் செரிக்காது, சிறுநீரகமும் பாதிக்கப்படும். மூடி உள்ள, காற்றுத் துளை போட்ட பிளாஸ்டிக் பெட்டியில் இளஞ்சூடான தண்ணீரை விடுங்கள். பாம்பின் உடம்பில் பாதி உயரத்துக்கு மேல் தண்ணீர் போகக்கூடாது. 15 முதல் 20 நிமிடம் போதும், பக்கத்திலேயே நில்லுங்கள். தலையைத் தூக்கி வைத்திருக்கவும் பலமில்லாத பாம்பை இப்படி ஊற வைக்க வேண்டாம், அதற்கு வைத்தியர் ஊசி வழியாகத் திரவம் ஏற்ற வேண்டும். பால் ஊற்றுவது பற்றிக் கேட்கவே வேண்டாம். தாகத்தில் குடிக்கும், ஆனால் அதைச் செரிக்கும் வயிறு பாம்புக்கு இல்லை.

அடுத்தது சூடு. நம் பக்கத்தில் அதிகம் பிழை நடப்பது இதில்தான் என்பது என் எண்ணம். 'மட்டக்களப்பு வெயிலுக்கு மேல் இன்னும் என்ன சூடு வேண்டும்?' என்று கேட்பார்கள். பாம்புக்கு வேண்டியது தெரிவு செய்ய இரண்டு இடங்கள். பெட்டியின் ஒரு முனை 31, 32 பாகையும் மறுமுனை 26 பாகை அளவிலும் இருந்தால் பால் பைத்தன் தேவைக்கேற்ப இடம் மாறிப் படுக்கும். கச்சான் என்னும் வறண்ட காற்று வீசும் மாதங்களில் தகரக் கூரை அறை ஒன்றில் மத்தியானம் இரண்டு முனையுமே சுட்டெரிக்கும். ஒதுங்க இடமில்லாத பாம்பு சாப்பாட்டை மட்டுமல்ல, உயிரையும் விட்டுவிடும். அதே கச்சான் காற்று ஈரப்பதத்தையும் உறிஞ்சிவிடும். அப்போது சட்டை முழுசாகக் கழலாமல் துண்டுதுண்டாக உரியும், கண்ணின் மேல் மூடி அப்படியே தங்கிவிடும். மாரியில் கதை தலைகீழ். வாடைக் காற்றும் விடாத மழையுமாக இருக்கும் நாட்களில், சீமெந்துத் தரையில் வைத்த கண்ணாடித் தொட்டி இரவில் குளிர்ந்து கிடக்கும். உடம்பு சூடாகாமல் பாம்புக்குச் செரிமானம் நடக்காது, அந்த நிலையில் அது சாப்பிட மறுப்பது நல்ல புத்தி. விழுங்கியிருந்தால் இரை உள்ளேயே அழுகி வெளியே வந்திருக்கும்.

கையை வைத்து 'சூடாகத்தான் இருக்கு' என்று முடிவு செய்யாதீர்கள். மீன் தொட்டிக் கடையில் கிடைக்கும் டிஜிட்டல் வெப்பமானி இரண்டு வாங்கி, முனைக்கு ஒன்றாக வையுங்கள். சூட்டுப் பாய் போடுவதென்றால் வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் கருவி கட்டாயம், இல்லாவிட்டால் வயிற்றுத் தோல் வெந்துவிடும். கறண்ட் போகும் இரவுகளுக்கு ஒரு ரெஜிபோம் (தெர்மோகோல்) பெட்டியும் துணி சுற்றிய சுடுதண்ணீர்ப் போத்தலும் தயாராக இருக்கட்டும்.

அடுத்த தவறைச் செய்பவர்கள் நல்லவர்கள்: பாசமாய்த் தூக்கி வைத்துக்கொள்கிறவர்கள், வீட்டுக்கு வந்தவருக்கெல்லாம் காட்டுகிறவர்கள், போன் வெளிச்சம் அடித்து 'இப்போ சாப்பிடுதா' என்று அரை மணிக்கு ஒருமுறை பார்க்கிறவர்கள். புது இடத்துக்கு வந்த பாம்பை ஒரு வாரமாவது சும்மா விடுங்கள். உடைந்த மண்சட்டியைக் கவிழ்த்து வாசல் வைத்தால் அருமையான மறைவிடம், விலை கொடுத்து எதுவும் வாங்கத் தேவையில்லை. பாம்பு உள்ளே சுருண்டால் உடம்பு சுவரில் முட்டவேண்டும், அப்போதுதான் அதற்குப் பாதுகாப்பு உணர்வு வரும். சூட்டு முனைக்கு ஒன்று, குளிர் முனைக்கு ஒன்று வையுங்கள். நோயாளிப் பாம்புக்குத் தும்பு விரிப்பை விடப் பழைய பத்திரிகைத் தாள் நல்லது. என்ன கழித்தது, எப்போது கழித்தது, செள் ஊர்கிறதா எல்லாம் அதில் பளிச்சென்று தெரியும். தண்ணீர்க் கிண்ணத்தின் அடியில் மிளகுத்தூள் தூவியதுபோல் கறுப்புப் புள்ளிகள் கிடந்தால் அவை செத்த செள்கள். அதற்கு மாட்டுக்குப் போடும் ஐவர்மெக்டின் ஊசியைக் குறைத்துப் போடலாம் என்று ஆலோசனை வரும். கேட்காதீர்கள். மாட்டு மருந்தின் செறிவில் ஒரு துளி கூடினாலும் சின்னப் பாம்பு தாங்காது.

உதட்டு ஓரம் சிவந்து, தயிர்க்கட்டி போல் சீழ் தெரிந்தால் அது வாய் அழுகல். மூச்சு விடும்போது விசில் சத்தமோ மூக்கில் குமிழியோ வந்தால் நுரையீரல் தொற்று. இவற்றில் ஒன்றிருந்தாலும் பொறுமைக்கு இடமில்லை. ஊரிலுள்ள மிருக வைத்திய அலுவலகங்களில் மாடும் ஆடும் கோழியும்தான் அன்றாட வேலை. ஆனாலும் முதலில் அங்கே காட்டி, தேவையென்றால் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் மிருக வைத்திய பீடத்துக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். நாட்டில் மிருக வைத்தியப் பட்டப்படிப்பு நடக்கும் பீடம் அதுதான். கண் மட்டும் நீலம் பாய்ந்து மங்கலாக இருந்தால் பயப்படத் தேவையில்லை. சட்டை கழற்றப் போகிறது, கழற்றிய பிறகு கொடுத்தால் சாப்பிடும்.

இத்தனைக்கும் பிறகுதான் எலி. வயல் எலியைப் பிடித்துக் கொடுக்காதீர்கள். அது எலிப்பாசாணம் தின்றிருந்தால் அந்த விஷம் அப்படியே பாம்புக்கும் போகும். பிடிக்கிற உங்களுக்கும் எலிக்காய்ச்சல் வரலாம், விதைப்புக் காலத்தில் விவசாயிகளுக்கு டொக்சிசைக்கிளின் ஏன் கொடுக்கிறார்கள் என்பது இந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வளர்ப்பு வெள்ளை எலி, கிடைக்காவிட்டால் காடைக் குஞ்சு. கோழி இறைச்சித் துண்டில் எலும்பும் ஈரலும் இல்லை, அதை இரையாக எண்ண வேண்டாம். உயிருள்ள எலியைப் பெட்டிக்குள் போட்டுவிட்டுத் தூங்கப் போவதைப் போல் மோசமான வேலை வேறில்லை. பசியில்லாத பாம்பை எலி விடிவதற்குள் எலும்பு தெரியக் கடித்து வைத்திருக்கும். கொன்று உறைய வைத்ததைக் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் இளக விட்டு, கடைசியில் பையோடு சுடுதண்ணீரில் வைத்து, பாம்பு இருக்கும் சூட்டை விடச் சற்றுக் கூடுதலாக்குங்கள். மைக்ரோவேவ் வேண்டாம், வெளியே ஆறி உள்ளே வெந்துபோகும். பால் பைத்தனின் மேல் உதட்டுக் குழிகள் சூட்டை உணர்பவை. ஆறிய எலி அதற்கு வெறும் பொருள்தான். இருட்டிய பிறகு நீண்ட இடுக்கியால் தலைப்பக்கத்தை நீட்டுங்கள். நாக்கு நீட்டும் வேகம் கூடி, கழுத்து எஸ் வடிவில் பின்வாங்கி, பார்வை எலியின் மேலேயே நின்றால் விருப்பம் இருக்கிறது. தலையை உடம்புக்குள் புதைத்துப் பந்தாகிவிட்டால் இன்று இல்லை. எடுத்துவிட்டு ஒரு வாரம் விடுங்கள். நாள்தோறும் நீட்டினால் எலி என்றாலே அதற்குத் தொல்லை என்றாகிவிடும்.

காத்திருக்கும் காலத்தில் வாரம் ஒருமுறை மட்டும் நிறுத்துப் பாருங்கள், சமையலறைத் தராசே போதும் (பிறகு அதைச் சமையலுக்கு எடுக்காதீர்கள், பாம்பின் உடம்பில் சல்மொனெல்லா இருக்கும்). வந்த நாளின் எடையில் பத்தில் ஒரு பங்கு குறைந்துவிட்டால் வைத்தியரிடம் போகவேண்டிய நேரம். வாயைத் திறந்து திணிப்பதை அவர்தான் தீர்மானிக்கவேண்டும். வீட்டில் செய்தால் தொண்டை கிழியும், பல் உடையும், திணித்ததையும் அது கக்கிவிடும்.

முதல் சாப்பாட்டை அது வாங்கியதும் வரும் தவறுதான் ஆகக் கொடியது: 'பாவம், எவ்வளவு நாள் பட்டினி' என்று பெரிய எலியைக் கொடுப்பது. செரிப்பது பாம்புக்குச் சும்மா நடக்கும் காரியமில்லை. பர்மிய மலைப்பாம்பில் அளந்தபோது, இரை விழுங்கிய 48 மணிநேரத்தில் இதயத்தின் தசை 40 சதவீதம் வரை பெருத்திருந்தது. குடலும் வளர்ந்துதான் வேலை செய்கிறது. சேமிப்பெல்லாம் கரைந்த உடம்பில் இவ்வளவு வேலைக்கும் முதல் இல்லை. போதாததற்கு, திடீரென்று சத்து வந்ததும் இரத்தத்தில் எஞ்சியிருக்கும் பொஸ்பேட்டும் பொட்டாசியமும் கலங்களுக்குள் இழுபட்டுப் போய்விடும், இதயம் தடுமாறும். பாம்பு 'நன்றாகச் சாப்பிட்டு' ஓரிரு நாளில் செத்துப்போவது இப்படித்தான். அதனால் வழக்கமான இரையில் கால்வாசி எடையுள்ளதாகவே முதலில் கொடுங்கள். ஏழு, எட்டு நாள் கழித்து அதே அளவு, பிறகு மெல்ல மெல்லக் கூட்டலாம்.

விழுங்கிய பிறகு மூன்று நாளாவது தூக்கவேண்டாம், சூட்டு முனை குளிராமல் பாருங்கள். கக்கிவிட்டால் மறுநாளே திரும்பக் கொடுக்காதீர்கள். வயிற்று அமிலம் தொண்டையைச் சுட்டிருக்கும், இரண்டு வாரம் தண்ணீர் மட்டும் வைத்து, அடுத்த முறை இன்னும் சிறிய இரையோடு தொடங்குங்கள். இரண்டாம் முறையும் கக்கினால் அந்த இரையையே பையில் போட்டு, பாம்போடு சேர்த்து வைத்தியரிடம் கொண்டுபோங்கள்.