பழைய வெஸ்பா, சேத்தக் வாங்கும் முன் எங்கே தட்டிப் பார்க்க வேண்டும்?

மதுரையிலோ மேலூர், உசிலம்பட்டிப் பக்கமோ பழைய ஸ்கூட்டர் ஒன்று விலைக்கு வந்தால், பார்க்க வருபவர் பெரும்பாலும் கிக்கரை உதைத்து இன்ஜின் சத்தத்தைத்தான் முதலில் கேட்கிறார். இன்ஜினைப் பிரித்துச் சரிசெய்துவிடலாம்; முதலில் பார்க்க வேண்டியது தகட்டை.

1946-இல் இத்தாலியின் பியாஜியோ நிறுவனத்திற்காக வெஸ்பாவை வடிவமைத்த கொர்ராதினோ தஸ்கானியோ ஒரு விமானப் பொறியாளர். மோட்டார் சைக்கிள் அவருக்குப் பிடிக்காத வண்டி. ஆகவே குழாய்ச் சட்டத்தை விட்டுவிட்டு, அச்சில் அழுத்தி வளைத்த இரும்புத் தகட்டையே உடலாகவும் சட்டமாகவும் ஆக்கினார். சங்கிலியை ஒழித்து, பின்சக்கரத்தை ஒட்டியே இன்ஜினைப் பொருத்தினார். உரிமம் பெற்று வெஸ்பாவைத் தயாரித்த பஜாஜ், 1972-இல் கொண்டுவந்த சேத்தக்கும் இதே அமைப்புதான்.

எனவே கால் வைக்கும் தளத்தின் ரப்பரை நீக்கிவிட்டு, வண்டியைச் சாய்த்து அடிப்பக்கத்தைத் தட்டிப் பாருங்கள். ஓசை மந்தமாக வரும் இடத்தில் துணி சுற்றிய காந்தத்தை வையுங்கள். ஒட்டவில்லையென்றால் உள்ளே இருப்பது துருவை மறைக்கப் பூசிய பட்டி (putty). பிரேக் பெடலைச் சுற்றியும் ஸ்டாண்ட் பொருந்தும் இடத்திலும் தண்ணீரும் சேறும் தங்குவதால் அவற்றைக் கூடுதல் கவனத்துடன் பார்க்க வேண்டும். அங்கே ஓட்டை என்றால் சட்டத்திலேயே ஓட்டை. டிங்கரிங் செலவைக் கழித்துத்தான் விலை பேச வேண்டும்.

1947-இல் மிலானில் இன்னொசென்டி நிறுவனம் தொடங்கிய லாம்ப்ரெட்டா இதற்கு நேர்மாறு. அதற்குக் குழாய்ச் சட்டம் உண்டு. பக்கத் தகடுகள் கழற்றி மாட்டக்கூடியவை. அதன் தயாரிப்பு இயந்திரங்களை வாங்கிய லக்னோ ஸ்கூட்டர்ஸ் இந்தியா நிறுவனத்தின் விஜய் சூப்பர் ஸ்கூட்டர் கிடைத்தால், தகட்டின் துருவைவிடக் குழாயின் வளைவையும் விரிசலையும் தேடுங்கள்.

கிளப்பும் முன் விற்பவர் சேத்தக்கை ஒருபுறம் சாய்த்தால் சந்தேகப்பட வேண்டாம். அது நம் ஊர்ப் பழக்கம். ஆனால் திருப்பரங்குன்றம் மேம்பாலம் போன்ற ஏற்றத்தில் கியர் தானாக நழுவினால், உள்ளே கியரைப் பிடிக்கும் சிலுவை வடிவத் துண்டு தேய்ந்திருக்கக்கூடும். சில வேளைகளில் கியர் கேபிளை இறுக்கினாலே போதும்.

கடைசியாக, சேஸி எண்ணை ஆர்.சி. புத்தகத்துடன் ஒப்பிடுங்கள். பதிவு 15 ஆண்டுகளுக்கே செல்லும் என்பதால் அது புதுப்பிக்கப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். எண்ணைத் தேய்த்த தடம் தெரிந்தால், எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் அந்த வண்டியை வாங்காதீர்கள்.