வீட்டை ஒட்டிய தென்னையை வெட்டும் முன்

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கிவிடும். வீட்டை ஒட்டி நிற்கும் தென்னையை எடுக்க நினைத்தால் ஆவணிக்குள் முடித்துவிடுங்கள்.

ஆளைக் கூப்பிடும் முன் மரத்தை நீங்களே ஒருமுறை சுற்றிப் பாருங்கள். தண்டில் ஓட்டை, அதில் வழியும் பழுப்புச் சாறு, மென்று துப்பியது போன்ற நார் தெரிந்தால் சிவப்புக் கூன்வண்டு உள்ளே புகுந்திருக்கிறது. காதை வைத்தால் புழு கடிக்கும் சத்தம்கூடக் கேட்கும். மேலே ஓலை பச்சையாக இருக்கும், உள்ளே மரம் கூடாகியிருக்கும். மரம் ஏற வருபவரிடம் இதைக் கட்டாயம் சொல்லுங்கள், அவர் உயிர் விஷயம். செலவு கூடினாலும் பரவாயில்லை, அந்த மரத்தில் யாரையும் ஏற்றாமல் கிரேன் வைத்து எடுப்பதுதான் சரி.

நல்ல மரம் என்றால் மேலிருந்து துண்டு துண்டாக அறுத்து, ஒவ்வொன்றையும் கயிறு கட்டி இறக்கச் சொல்லுங்கள். நெட்டைத் தென்னை 60 அடிக்கு மேலும் வளரும், மொத்தமாகச் சாய்க்க எந்த வீட்டில் இடம் இருக்கிறது? பக்கத்தில் மின்கம்பி போனால் மின்வாரியத்தில் சொல்லி, மின்சாரத்தை நிறுத்திய பிறகே அரிவாள் எடுக்க வேண்டும்.

அப்புறம், தூரைத் தோண்டுவதும் துண்டுகளை ஏற்றிப்போவதும் கூலியில் சேர்த்தியா என்று முதலிலேயே பேசிவிடுங்கள்.